உப்புதான் கெடுத்ததா

எங்கள் அத்தாவை, அதாவது அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள சரக்கெல்லாம் இரண்டே வகை. கெட்டுப்போனது, கெடாமல் காப்பாற்றப்பட்டது. திண்டுக்கல் பேகம்பூரில் அவருக்குத் தோல் மண்டி இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் அறுக்கும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சாக்கில் சுருட்டி அங்கே வந்து சேரும். வந்தவுடன் பிரித்து, உள்பக்கம் மேலே தெரிய விரித்து, கல் உப்பை அள்ளி வீசித் தேய்த்து அடுக்கிவிட வேண்டும். உப்பு ஏறிய தோல் பதனிடப் போகிறவரை அப்படியே கிடக்கும். கொஞ்சம் அசந்தால் மயிர் கழன்று தெருவையே நாறடித்துவிடும். தன் கைக்கு வந்த ஒரு தோலையும் அப்படி விட்டதில்லை என்பதில் அத்தாவுக்குத் தாங்க முடியாத பெருமை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைச் சொல்லியிருக்கிறார். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று அவர்கள் கேட்ட கேள்வி பாதியில் நின்றுபோனது.

நான் விலங்கியல் படித்து, ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்ததால் பாதி நாள் அம்மா வீட்டில்தான் இருப்பேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, ஆனால் நிறையப் பேச யோசிப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் இடது மார்பில் கட்டி இருப்பது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. கேட்டதற்கு, "வேர்க்குருன்னு நெனச்சேன்" என்றாள். மார்கழி மாதத்தில் வேர்க்குரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்கப் பயம்தான்.

திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். அங்கிருந்த சர்ஜன் நிதானமானவர். முதலில் கட்டியிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, தானே ஒரு குப்பியில் போட்டு மூடி, தன் ஆள் கையில் கொடுத்து மதுரையில் உள்ள லேபுக்கு அனுப்பினார். புற்றுநோய்தான் என்று பதில் வந்தது. மார்பை முழுதாக எடுத்துவிட வேண்டும், அக்குளில் இருக்கும் நிணநீர் நெறிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எடுத்ததை என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. அத்தாதான் விளக்கினார். உடம்பிலிருந்து வெட்டி எடுத்தது எதுவானாலும் மண்ணில் அடக்குவது எங்கள் வழக்கம். விரலோ காலோ, வெள்ளைத் துணியில் சுற்றி கபர்ஸ்தானில் ஒரு ஓரமாகப் புதைத்துவிடுவார்கள். குப்பையில் போக விடுவதில்லை. சர்ஜன் கேட்டுக்கொண்டு, "முதல்ல லேபுக்குப் போகணுங்க. அவங்க வேண்டியதை வெட்டி எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கேட்டா கொடுத்துருவாங்க" என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஆபரேஷன் ஒரு சனிக்கிழமை நடந்தது. அந்த முறை சர்ஜனின் ஆள் ஊரில் இல்லை. இந்த மாதிரி ஊர்களில் அப்போது நோயாளியின் சொந்தக்காரர்களே லேபுக்குத் தூக்கிக்கொண்டு போவது சகஜம். பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, எடுத்ததை உள்ளே போட்டு, அத்தா கையில் கொடுத்தார்கள். மறுநாள் ஞாயிறு, லேப் திறக்காது. அதற்கு மறுநாள் ஏதோ பஸ் மறியல். ஆகவே டப்பா எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நான் அம்மாவுடன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை அத்தா மதுரைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மிச்சத்தை அப்புறம் வாங்கி வந்து, பள்ளிவாசல் ஆட்களை வைத்து அடக்கமும் செய்துவிட்டார். எல்லாம் முறையாக நடந்தது என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது.

பிறகு ரிப்போர்ட் வந்தது. சர்ஜன் அதைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு மதுரையில் ஒரு புற்றுநோய் டாக்டரம்மாவைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டை நான் பஸ் ஸ்டாண்டு பக்கமே நின்று படித்தேன். கட்டியின் அளவு, நெறிகள், அதற்குக் கீழே மூன்று வரிகள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை. புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி இல்லை. ஹெர்-டூ புரதம் இல்லை. இல்லை, இல்லை, இல்லை என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மெடிக்கல் ரிப்போர்ட்டில் இல்லை என்றால் நல்லது என்றுதானே பழகியிருக்கிறோம்.

பக்கத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டர். தடுப்புப் போட்ட சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. பக்கத்து அறையில் கல்லூரிப் பையன்கள் எதையோ பார்த்து அடக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஆடி அசைந்து திறந்தது. மூன்றும் இல்லை என்றால் அது சீக்கிரம் திரும்பி வரக்கூடிய வகை. அதற்கென்று தனி மாத்திரை கிடையாது. அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செல்லில் இருந்தால் ஒரு மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டு நோயைத் தள்ளிவைக்கலாம். இல்லாதவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது. திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிருந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்து அழுதுவிட்டுப் போகிறவர்கள் அவருக்குப் பழக்கமாக இருந்திருப்பார்கள்.

இந்த விஷயத்தை நான் வருடம் தவறாமல் பாடமாக நடத்தியிருக்கிறேன் என்பதுதான் கொடுமை. உடம்பில் எந்த செல்லை எடுத்தாலும் மரபணுக்கள் ஒன்றேதான், எது வேலை செய்கிறது, எது வாய்மூடி இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம், இதற்கு மரபணு வெளிப்பாடு என்று பெயர், ஐந்து மதிப்பெண் கேள்வி, கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் கோடு போட்டுக்கொள்வார்கள். ஏற்பியைச் செய்யும் மரபணு வாய்திறக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து ஒரு பெண்ணின் நோய் எந்தப் போக்கில் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. அது எனக்கு அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அம்மாவிடம் மூன்று இல்லைகளை மட்டும் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சமையலில் ஆரம்பித்தேன். "அலமாரியில இருக்கிற சாமான் எல்லா செல்லுக்கும் ஒண்ணுதாம்மா. எதை எடுத்து அடுப்புல வச்சிருக்குங்கிறதுதான் விஷயம். அதை வச்சுத்தான் மருந்து."

"அப்ப இது என்னத்தைச் சமைக்குதாம்?"

"அதான் தெரியலம்மா. அடுப்பு அணைஞ்சு கெடக்குங்குறாங்க."

"அணைஞ்சு கெடந்தா நல்லதுதானே" என்றாள் அம்மா. நான் சற்று முன்பு நினைத்ததையே அவளும் நினைத்தாள்.

மதுரைக்கு மூவரும் போனோம். கொடைரோடு தாண்டும்வரை அம்மா ஜன்னலோரம் கண்ணை மூடியபடி வந்தாள். அத்தா பின் சீட்டிலிருந்து குனிந்து, "குலுங்குதா? செத்த நேரம் சாஞ்சுக்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வளவளவென்று பேசுகிற ரகம் இல்லை. ரிப்போர்ட்டைப் படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு லேபுக்குப் போன் போட்டு அங்கிருந்த டாக்டரிடம் ஏதோ கேட்டார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எடுத்ததை எதுல போட்டு லேபுக்குக் கொண்டு போனீங்க?"

அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டதும் அவர் உட்காரும் தோரணை அது. "உப்புலதாம்மா. டப்பா மூடி சரியில்ல, மருந்துத் தண்ணி பாதி ஒழுகிப் போச்சு. மிச்சமும் கண்ணைக் கரிச்சது. பாதி வெளிய தெரியுது, இப்படியே விட்டா அழுகிருமேன்னு நல்ல தண்ணில அலசிட்டு, கல்லு உப்பைக் கீழயும் மேலயும் போட்டு மூடி வச்சேன். அம்புட்டு நேரமும் ஒரு வாடை வரலம்மா."

நான் அத்தாவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். பள்ளிப் பரிசோதனைக் கூடத்து அலமாரியில் ஃபார்மலின் என்ற அதே மருந்து நிரம்பிய ஜாடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் டீச்சரின் வீட்டில், அடுப்படி உப்பு ஜாடியிலிருந்து அள்ளிப் போட்டிருக்கிறார். அப்புறம் தெரிந்தது, லேபில் டப்பாவை வாங்கிய ஆள் திறந்து பார்த்துவிட்டு, பேசாமல் மேலே மருந்தை ஊற்றி உள்ளே அனுப்பியிருக்கிறார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"தோலுக்கு அது சரிங்க" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "செல்லுக்கு ஆகாது. அந்த மருந்துலயே ஊறியிருந்தாத்தான் உள்ள இருக்கிறது எடுத்த மாதிரியே நிக்கும். அப்பத்தான் சாயம் போட்டுப் பார்க்க முடியும்."

பிறகு என் பக்கம் திரும்பி விளக்கினார். சாயம் போடும்போது, ஏற்பி இருக்கும் செல்கள் பழுப்பாகத் தெரியும். நோய் இல்லாத நல்ல இடத்திலும் அங்கங்கே கொஞ்சம் நிறம் பிடிக்க வேண்டும். "இதுல நல்ல இடத்துலயும் நிறம் பிடிக்கலைன்னு இப்பச் சொல்றாங்க. நல்ல இடமே பேசலைன்னா, கெட்ட இடம் பேசலைங்கிறதை நான் எப்படி நம்புறது? நோயே அப்படியா, இல்ல உப்பு கெடுத்துருச்சான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது."

அத்தா கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. அம்மாதான் வாயைத் திறந்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து மண்டி மண்டின்னு கெடந்தாரு. கடைசில என்னையும் உப்புப் போட்டு அடுக்கிட்டாரு" என்றாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அத்தாவுக்கும் வரவில்லை.

இன்னொரு துண்டு கிடைக்குமா என்று நான் கேட்டேன். எடுத்தது எல்லாம் அதே டப்பாவில் கிடந்தது, மிச்சமும் மண்ணுக்குப் போய்விட்டது. டாக்டரம்மா யோசித்துவிட்டு, "ஆபரேஷனுக்கு முன்னால சின்னதா ஒண்ணு எடுத்தாங்களே, அது யார் கொண்டு போனது?" என்றார். சர்ஜனின் ஆள் கொண்டுபோனது. சர்ஜன் கையால் மருந்தில் போட்டது. அதை மெழுகில் பதித்து லேபிலேயே வைத்திருப்பார்கள், தேடச் சொல்கிறேன் என்றார். அந்த இடத்தில்தான் நான் மூச்சு விட்டேன்.

தேடி எடுக்க அவர்களுக்கு நாளானது. அதற்குள் அம்மாவுக்குக் கீமோ ஆரம்பித்துவிட்டது. நெறிகளில் நோய் இருந்ததால் அது எப்படியும் வேண்டியிருந்தது. மாத்திரை உண்டா இல்லையா என்பதுதான் தொங்கிக்கொண்டிருந்தது. மெழுகுக் கட்டி கிடைத்துவிட்டது என்று போன் வந்த அன்று, அதை வாங்கி டாக்டரம்மாவிடம் சேர்க்க நான் போனேன். அத்தாவும் கூடவே வந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

சித்திரை வெயில். கையில் வைத்திருந்தது தீப்பெட்டியைவிடச் சின்னது. வெள்ளை மெழுகுக்கு நடுவில் எள்ளை நசுக்கி வைத்தது போல் ஒரு துணுக்கு. ஏற்கெனவே முதல் பரிசோதனைக்காகச் சீவிச் சீவி எடுத்ததில் மிஞ்சியது அவ்வளவுதான். எனக்கு மெழுகு உருகிவிடுமோ என்று பயம். வெயிலுக்கெல்லாம் அது உருகாது என்று லேபில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அது காதில் ஏறினால்தானே. ஆட்டோவில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கையை மாற்றினேன். அத்தா மெதுவாக, "ஐஸ் கொஞ்சம் வாங்கியாரவா, சுத்தி வச்சுக்குவோம்?" என்றார்.

"நீங்க எதையும் போட வேணாம்த்தா" என்றேன்.

அந்தக் குரலில் அதுவரை நான் அவரிடம் பேசியதில்லை. ஆட்டோக்காரர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். அத்தா வெளியே பார்த்தபடி வந்தார். எனக்கு அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை. என் கவனமெல்லாம் உள்ளங்கையில் இருந்தது.

அன்று அம்மாவுக்கு மருந்து ஏற்றும் நாளும்கூட. சித்தி மகள் அவளை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தாள். டாக்டரம்மா மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பக் கொஞ்சம். ஒரே ஒரு சோதனைக்குத்தான் காணும்." பிறகு நான் படித்தவள் என்பதால் இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டில் புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறதாம். பல மரபணுக்களை ஒரேயடியாகப் பார்த்து, எது எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்று கணக்குப் போட்டு, நோய் திரும்பி வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வார்களாம். எல்லா வகை நோய்க்கும் அது ஒத்துவராது, அம்மாவுக்கு ஒத்துவருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இங்கே வசதியும் இன்னும் வரவில்லை, ஆனால் அனுப்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். அதை அனுப்பினால் ஏற்பிச் சோதனைக்குத் துணுக்கு மிஞ்சாது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சோதனைதான் வேண்டும் போல் இருந்தது. திரும்ப வருமா வராதா என்று யாராவது ஒருவர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், ராத்திரி தூங்கலாம் என்று தோன்றியது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை. வார்டுக்குப் போய், கையில் ஊசி குத்திப் படுத்திருந்த அம்மாவிடம் இரண்டையும் விளக்கினேன். முடி கொட்ட ஆரம்பித்திருந்தது, முக்காடு அதை மறைத்திருந்தது. பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த வெளிநாட்டுச் சோதனை வந்தா, மருந்து ஏதும் புதுசாத் தருவாங்களா?"

"இல்லம்மா. வருமா வராதான்னு ஒரு கணக்குச் சொல்லுவாங்க."

"மத்ததுல?"

"ஏற்பி இருந்துச்சுன்னா மாத்திரை தருவாங்க."

"அப்ப மருந்து சொல்ற சோதனையை அனுப்பு. ஆயுசு சொல்றது எனக்கு வேணாம். அதை எழுதினவன் வேற ஆளு இருக்கான். அவன்ட்டப் போய் எட்டிப் பாக்கச் சொல்றியா?"

துணுக்கு ஏற்பிச் சோதனைக்காகச் சென்னைக்குப் போனது.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் பதிலுக்காகக் காத்திருந்தோம். அம்மாவுக்கு வாயில் எதுவும் ருசிக்கவில்லை. தொட்டுக்கொள்ள எந்த வெஞ்சனத்தை வைத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று தள்ளி வைத்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "குழம்புல உப்..." என்று ஆரம்பித்து, எதிரே அத்தா இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "அதைக் கொஞ்சம் கூடப் போடு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது' என்று ஆகிவிட்டது. மண்டியில் அத்தா முன்பக்க மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். சரக்கு வந்து இறங்கினால், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "நீங்களே பாத்துப் போட்டுருங்கப்பா" என்று ஆட்களிடம் விட்டுவிட்டார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

இதற்கிடையில் என் மூளை வேறொரு கணக்கைப் போட ஆரம்பித்திருந்தது. அந்தப் பழைய துணுக்கில் நிறம் பிடித்தால் அம்மாவுக்கு மாத்திரை உண்டு. ஆனால் பெரிய துண்டைக் கெடுத்தது அத்தாவின் உப்புதான் என்று ஆகிவிடும். நிறம் பிடிக்காவிட்டால் அம்மாவுக்கு மாத்திரை கிடையாது, அத்தா மேல் குற்றமும் கிடையாது. நோயே அப்படித்தான் என்று போய்விடும். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே இது மண்டையில் ஓடும். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

கணக்கு அதோடு நிற்கவில்லை. எந்தப் பதில் வர வேண்டும் என்று அத்தா நினைப்பார் என்றும் யோசித்தேன். அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடமே பெருமை அடித்தவர், தன் கைச் சரக்கு கெட்டது என்று நாலு பேர் சொல்ல எப்படித் தாங்குவார்? மனதின் ஏதாவது ஒரு மூலையில், நம் கையால் கெட்டதில்லை என்று ஆகிவிட்டால் தேவலை என்ற எண்ணம் இல்லாமலா இருக்கும்? அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூலையில் என்ன ஓடுகிறது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். பயம் பிடித்தவளுக்குப் பெற்ற தகப்பன் மேல்கூடச் சந்தேகம் வரும் போலிருக்கிறது.

அடுத்த கீமோவுக்குப் போன நாளில் பதில் வந்திருந்தது. அம்மாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு, நான் மட்டும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நல்லா நிறம் பிடிச்சிருக்கு" என்றார். "ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கு. நிறையவே இருக்கு. கீமோ முடிஞ்சதும் மாத்திரை ஆரம்பிச்சிரலாம்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அப்ப அந்தப் பெரிய துண்டுல இல்லைன்னு வந்தது?"

"அது கெட்டுப்போனதுதான். இனி அதை மறந்துருங்க. இதுவும் திரும்பவே வராதுங்கிற உத்தரவாதம் இல்லை. ஆனா நம்ம கைல இப்ப ஒரு ஆயுதம் இருக்கு."

வார்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள். திறந்ததும் முதலில் கேட்டது, "அத்தாட்டச் சொல்லிட்டியா?" என்பதைத்தான். இல்லை என்றேன். "பாத்துச் சொல்லு. மெதுவாச் சொல்லு" என்றாள்.

அத்தா வெளியே நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சில் இருந்தார். சுற்றிலும் ஆட்கள். ஒரு பக்கம் சக்கர நாற்காலி போகிறது, ஒரு பக்கம் யாரோ டிபன் கேரியரைத் திறந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் மாடிப்படி ஓரமாகவே நின்றுவிட்டேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? மாத்திரை உண்டு என்று மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடலாமா? கேட்டால் என்ன சொல்வது? சந்தோஷச் செய்தியை வைத்துக்கொண்டு திருடி மாதிரி ஒளிந்து நின்றேன்.

அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வேட்டி அவிழ்ந்து தொங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"கெட்டுத்தானேம்மா போச்சு?" என்றார். "நான் கெடுத்ததுதானே? உப்புதானே கெடுத்துச்சு? சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு வாரமும் இவர் மனசின் மூலையில் என்ன ஓடியது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஆமாத்தா" என்றேன். "உப்புதான் கெடுத்துச்சு. நீங்கதான் கெடுத்தீங்க. அம்மாவுக்கு மாத்திரை உண்டு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார் அத்தா. அந்த இடத்திலேயே சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்த பெண், கெட்ட செய்தி போலிருக்கிறது என்று நினைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அத்தா துண்டை விலக்கி அவளைப் பார்த்தார்.

"கெடுத்துட்டேம்மா" என்றார் அவளிடம், சிரிப்பும் அழுகையுமாக. "நாந்தாம்மா கெடுத்துட்டேன்."